மெஷின் எந்தப் பக்கம்

வெல்டர் வாயைத் திறந்தாலே சண்டைதான் என்பது டயாலிசிஸ் வார்டு முழுக்கத் தெரிந்த விஷயம். ஆறு வருஷமாக வாரத்துக்கு மூன்று நாள், தடவைக்கு நாலு மணி நேரம் அங்கே கிடக்கிறவர். ஊசி குத்திக் குத்தி இடக்கையில் ரத்தக்குழாய் கயிறு மாதிரிப் புடைத்திருக்கும். ஆரம்பிக்கத் தாமதமானால் கத்துவார், ஏசி குளிர்ந்தால் கத்துவார். நர்சுகள் அவருக்கு வைத்த பெயர் முசுடு. தலைமை நர்ஸான பெரிய சிஸ்டரோடு வருகிற நாளெல்லாம் மோதல்.

"ரெண்டு நாள்ல எடை மூணரை கிலோ ஏறியிருக்கு. குடிச்சது தண்ணியா, குளமா?"

"நாக்கு வறளறது எனக்கா, உங்களுக்கா?"

புது வார்டு கட்ட ஒரு குழு போட்டபோது, நோயாளிகள் சார்பாக மேனேஜர் இவரைத்தான் சேர்த்தார். உள்ளே இழுத்துப் போட்டால் வாயடங்கும் என்று நினைப்பு.

"யோசனை கேக்கவா கூப்பிடறாங்க? பேருக்கு ஒரு ஆள் வேணும், அதான்" என்றாள் மனைவி.

"தெரியும்டி. போய்க் கொஞ்சம் குட்டையைக் குழப்பிட்டு வரேன்."

முதல் கூட்டத்தில் திரைச்சீலை பச்சையா நீலமா என்று கேட்டார்கள். "கண்ணை மூடிட்டுத்தானே படுத்திருக்கோம்" என்றார். இரண்டாவது கூட்டத்தில் வரைபடத்தைக் கேட்டு வாங்கினார். முப்பது வருஷம் வரைபடம் பார்த்து இரும்பை ஒட்டியவர். ஒரு நிமிஷம் போதும். பன்னிரண்டு நாற்காலி. ஒவ்வொன்றுக்கும் தண்ணீர்க் குழாயும் வடிகாலும் வலப்பக்கமாகச் சுவரில். குழாய் இருக்கும் பக்கம்தான் மெஷின் நிற்க முடியும்.

"மெஷின் எல்லாம் வலப்பக்கமா? பாதிப் பேருக்கு மேல இடக்கையிலதான் ஊசி. டியூப் நெஞ்சு மேல குறுக்கே போகும். ஒரு தும்மல் போட்டா ஊசி பிடுங்கிக்கும்."

"ஒரே வரிசையா இருந்தாத்தான் பார்க்க நல்லா இருக்கும்" என்றார் இன்ஜினியர்.

"அது டெக்னிக்கல் விஷயம். நீங்க உங்க அனுபவத்தை மட்டும் சொல்லுங்க" என்றார் மேனேஜர்.

"இதுதான்யா என் அனுபவம்!"

நோயாளிகளின் கருத்து கேட்கப்பட்டது என்று அச்சடித்த தாளை நீட்டினார்கள். கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டார்.

மறு வாரமே மேனேஜர் அவரைக் காலை ஷிப்ட் முறையிலிருந்து ராத்திரி முடிகிற கடைசி முறைக்கு மாற்றினார். முடிந்து வெளியே வரும்போது பஸ்ஸில் நிற்க இடமிருக்காது. தலைசுற்றலோடு கம்பியைப் பிடித்துத் தொங்கினார். "ஊருக்கு உழைக்கிற உடம்பா இது?" என்று மனைவி இரண்டு நாள் பேசவில்லை.

அவர் விடவில்லை. காலை, மதியம், மாலை என்று மூன்று முறைக்காரர்களிடமும் போய், யாருக்கு எந்தக் கை என்று குறித்துக்கொண்டார். பாதிப் பேர் எரிந்து விழுந்தார்கள். "உங்க சண்டையில எங்களை இழுக்காதீங்க. நாளைக்கு எங்க முறையையும் மாத்துவான்." ஒருவர் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

அடுத்த கூட்டத்தில் அந்தத் தாளை மேஜையில் போட்டார். மேனேஜர் முகம் சிவந்தது. "யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்த பெரிய சிஸ்டர் தன் பதிவேட்டைப் பிரித்தாள்.

"மொத்தம் முப்பத்தாறு பேர், இருபத்தி நாலு பேருக்கு இடக்கை. இவர் எழுதினதுல நாலு தப்பு." அன்று கூட்டத்துக்கு வந்திருந்த தலைமை டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்: "இந்த மனுஷனை எனக்குச் சுத்தமாப் பிடிக்காது சார். ஆனா ஊசி பிடுங்கி ரத்தம் கொட்டினா ஓடப்போறது நான்தான், இன்ஜினியர் இல்ல."

தலைமை டாக்டர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எட்டு நாற்காலிக்குக் குழாய் இடப்பக்கம் மாறியது. கழிப்பறையைப் பக்கத்தில் வையுங்கள் என்று வெல்டர் தொண்டை கிழியக் கத்தியதை மட்டும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வார்டு திறந்ததும் நன்றி சொல்லி ஒரு கடிதம் வந்தது: குழுவின் பணி முடிந்தது, இனி வர வேண்டாம். பழைய காலை முறையும் திரும்பக் கிடைக்கவில்லை.

இரண்டாம் மாதம், மெஷினிலிருந்து இறங்கிய ஓர் அம்மாள் பிரஷர் இறங்கி, தூரத்திலிருந்த கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டாள். ஊசி எடுத்த இடத்தில் போட்ட பிளாஸ்திரியில் ரத்தம் காய்வதற்குள் வெல்டர் மாடியேறினார். வாசலில் தடுத்த ஊழியரை ஒதுக்கிவிட்டுத் தலைமை டாக்டரின் அறைக் கதவைத் திறந்தார்.

"நீங்க கூப்பிடற வரைக்கும் காத்திருக்க முடியாது சார். உட்காரவா, நின்னே பேசவா?"