ஜெய்ராமுக்கு ஒரு குறையும் இல்லை

கல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் வந்து ஜெய்ராம் சார் வீடு எது என்று கேட்டால் வாழைக்காய் விற்கிறவர்கூடக் கையைக் காட்டுவார். அவர் எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பதில் தெருவுக்கே மனப்பாடம். "எனக்கென்ன, ஒரு குறையும் இல்லை." போன மழைக்கு முழங்கால் தண்ணீரில் நின்று அடித்துக்கொண்டு போன செருப்பைத் தேடியபோதும் மனிதர் இதையேதான் சொன்னார்.

எல்லாம் சாந்த்ராகாச்சி யார்டு கொடுத்த பழக்கம். அங்கேதான் முப்பது வருஷத்துக்கு மேல் ரயில்வே உத்தியோகம். ஷிப்டு முடிந்ததும் மேலதிகாரிக்குப் போன் போட்டு "எல்லாம் சரி" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். கோளாறு ஏதாவது இருந்தால் ஜெய்ராம் யாரிடமும் மூச்சு விடமாட்டார். தானே முட்டி மோதிச் சரிசெய்துவிட்டு, அப்புறம் "எல்லாம் சரி" என்பார். யார்டில் அதற்கு நல்ல பெயர். ரிட்டயர் ஆன அன்றே அந்தப் பழக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். எங்கே விட்டார்!

ஜூலை மாதம் அவர் மனைவி ஜலஜா அமெரிக்கா போனாள். மகள் ரஞ்சனாவுக்குப் பிரசவம். நம் ஜனங்களுக்கு இதெல்லாம் புதிதா என்ன? பெண் அங்கே முழுகாமல் இருக்கிறாள் என்றால் அம்மா இங்கே மிளகாய் காயவைக்க ஆரம்பித்துவிடுவாள். அப்பாவை யார் கூப்பிடுகிறார்கள்? போனாலும் குளிருக்குப் பயந்து ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற வருகிற காரைப் பார்க்க வேண்டியதுதான். ஜெய்ராம் வீட்டோடு இருந்துவிட்டார். ஆகஸ்டில் பேத்தி மது பிறந்தாள். ஜனவரியில் ஜலஜா திரும்பிவிடுவதாகப் பேச்சு.

ஒரே பெண் கல்யாணமாகிப் போனபோதுகூட வீடு இப்படி வெறிச்சோடிப் போகவில்லை. அப்போது இரண்டு பேராகச் சேர்ந்து ஏங்கினார்கள். இவர் ஆரம்பித்தால் அவள் அதட்டுவாள், அவள் ஆரம்பித்தால் இவர் பேச்சை மாற்றுவார். இப்போது அதட்ட ஆளில்லை.

கொசுவலையையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்கத்தாவில் அது இல்லாமல் கண்ணை மூட முடியுமா? கல்யாணமான நாளாக, விளக்கை அணைத்துவிட்டுக் கடைசியாக உள்ளே நுழைந்து நாலு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகுவது ஜலஜாவின் வேலை. இப்போது மனிதர் நடுப்படுக்கையில் மண்டி போட்டு இந்தப் பக்கம் செருகினால் அந்தப் பக்கம் பிடுங்கிக்கொண்டு வருகிறது. சாயங்காலமானால் அவள் பார்க்கிற சீரியலைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். அவள் இருந்தவரை அதைக் கண்டாலே இவருக்கு ஆகாது. இப்போது எந்த மருமகள் எந்த மாமியாரை எப்படிக் கவிழ்த்தாள் என்பதெல்லாம் அத்துப்படி. சொல்லத்தான் ஆளைக் காணோம். நவம்பரில் ஜுரம் வந்து சுருண்டு கிடந்தார். எதிர் ஃப்ளாட் முகர்ஜி பௌதி, வங்காளத்தில் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அந்த அம்மாள்தான் வேளாவேளைக்குக் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். ஜலஜாவுக்கு அது தெரியாது.

வெளிநாட்டில் பிள்ளை குட்டி வைத்திருக்கிற நம் வீடுகளில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. தூர தேசத்தில் இருப்பவர்களுக்குக் கவலை கொடுக்கக் கூடாது. இங்கே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாலும் "நன்னா இருக்கோம்". அங்கே வேலை போயிருந்தாலும் "எல்லாம் ஓகேப்பா". இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் பொய் சொல்லிக்கொண்டு, இதற்குப் பாசம் என்று பெயர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அட, நானும் அப்படித்தான்.

ஜலஜா வீடியோவில் வரும்போதெல்லாம், "தனியா என்ன பண்றேள்? நான் கிளம்பி வந்துடட்டுமா?" என்பாள். ஜெய்ராமின் மனசு வா வா என்று குதிக்கும். ஆனால் அவள் மடியில் அந்தப் பொக்கைவாய்க் குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும், இவளும் சிரித்துக்கொண்டிருப்பாள். அந்த முகத்தைப் பார்த்து வா என்று எப்படிச் சொல்வது? "எனக்கென்ன, நீ நிதானமா வா" என்றுவிட்டுப் போனை வைப்பார். வைத்த பிறகு கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருப்பார்.

டிசம்பரில் ரஞ்சனா விஷயத்தை உடைத்தாள். ஜனவரியோடு அவளுக்கு லீவு முடிகிறது. குழந்தையைக் காப்பகத்தில் விட மனசில்லை. அம்மாவின் விசாவை இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கக் கேட்கலாம் என்கிறார்கள். "நீங்க சமாளிப்பேளாப்பா? நீங்க சரின்னாதான். ஒரு வாரத்துக்குள்ள சொல்லுங்கோ" என்றாள். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார் ஜெய்ராம்.

யோசித்தாரா? பேப்பரில் ஒரு விளம்பரத்தைப் பார்த்தார். பிள்ளைகள் கூட்டைவிட்டுப் பறந்துவிட்டார்களா, தனியாகவே வாருங்கள், ஹூக்ளி ஆற்றில் ஒரு வாரம் கப்பல் பயணம், ஆளுக்கு ஒரு அறை. இரண்டு நாளில் புறப்பாடு என்றதும் உடனே பணத்தைக் கட்டிவிட்டார். வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்றுதான் அசட்டுத்தனம். ஜலஜாவுக்கு அங்கேயே இருக்கத்தான் ஆசை, இந்தக் கிழவன் என்ன பண்ணுவானோ என்றுதான் தயங்குகிறாள் என்று இவராகவே முடிவு கட்டிவிட்டார். நான் ஜாலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அவளுக்கு நிம்மதி என்று நினைத்தார். கேட்டிருக்கலாமே ஐயா? கேட்கத் தெரிந்தால் அவர் ஏன் ஜெய்ராமாக இருக்கிறார்!

கப்பல் என்று சொன்னால் அவருக்குச் சந்தோஷம். நிஜத்தில் இரண்டு மாடி வைத்த பெரிய படகு. பாபு காட் படித்துறையில் ஏறினார்கள். ஹவுரா பாலத்துக்கு அடியில் போகும்போது அண்ணாந்து பார்த்தார். எத்தனை ஆயிரம் தடவை மேலே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போயிருப்பார், அடியிலிருந்து பார்த்ததேயில்லை. "ஜலஜா, இதைப் பாரேன்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்ற ஷிப்ரா கோஷால் திரும்பிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள், கணீரென்ற குரல். "போனைக் கொடுங்கள், உங்களைப் படம் எடுக்கிறேன்" என்று வங்காளியில் அதட்டினாள். ஜெய்ராம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். படம் குடும்ப குரூப்புக்குப் போயிற்று.

அப்புறம் வேளைக்கு ஒரு படம். சந்தன்நகர் படித்துறையில் தொப்பியோடு ஜெய்ராம். புது வெல்லம் போட்ட சந்தேஷ் இனிப்பைக் கையில் ஏந்திய ஜெய்ராம். பருப்பில் சர்க்கரையைக் கொட்டி வைத்திருந்த சாப்பாட்டுக்கு முன்னால் 'சூப்பர் சாப்பாடு' என்று எழுதிய ஜெய்ராம். "அப்பா கலக்கறார்!" என்று ரஞ்சனா கைதட்டும் பொம்மைகளாகப் போட்டாள். ஜலஜா ஒன்றும் எழுதவில்லை. தூங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். அறையில் கொசு இல்லை, வலை இல்லை. மெத்தென்ற ஒற்றைக் கட்டிலில் புரண்டு புரண்டு படுத்தார்.

கால்னாவுக்குப் போகிற வழியில் மேல்தளத்தில் எல்லோரும் வட்டமாக நாற்காலி போட்டு டீ குடித்தார்கள். ஒவ்வொருவராகத் தன் கதையைச் சொன்னார்கள். ஷிப்ராவின் கணவர் போய் நாலு வருஷம். பர்த்வானிலிருந்து வந்திருந்த டாக்டருக்கு மனைவி போன தை மாதம் தவறியிருந்தாள். எல்லோருமே அப்படித்தான். தன் முறை வந்ததும் ஜெய்ராம், "என் மனைவி அமெரிக்காவில் இருக்கிறாள், மகள் வீட்டில்" என்றார்.

ஷிப்ரா கோப்பையைக் கீழே வைத்தாள். "உயிரோடு இருக்கிற மனைவியை விட்டுவிட்டு இங்கே எங்களோடு எதற்கு வந்தீர்கள்? எனக்கு அவர் ஒரு நாள் கிடைத்தால் நான் இந்தப் படகில் காலை வைப்பேனா?" கோபமாகத்தான் கேட்டாள். கண் கலங்கியிருந்தது. ஜெய்ராம் டீயை அப்படியே வைத்துவிட்டார். எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கரையில் ஒரு கிழவனும் கிழவியும் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டே துணி அலசிக்கொண்டிருந்தார்கள். அவருக்குப் பொறாமையாக இருந்தது.

அப்போதுதான் போன் அடித்தது. ஜலஜா. வீடியோ இல்லை, வெறும் குரல்.

"துணி தோய்க்கற ரூம்லேருந்து பேசறேன். இங்கதான் யாரும் வரமாட்டா" என்றாள். குரல் கரகரவென்று இருந்தது. "நன்னா இருக்கா கப்பல்?"

"இருக்கு. எனக்கென்ன..."

"போதும், நிறுத்துங்கோ! ஒரு குறையும் இல்லை, அதானே? நான் இங்க வந்த நாளா என்ன சொல்லிண்டிருக்கேன் தெரியுமா? 'உங்கப்பாவுக்கு நான் இல்லாம ஒரு நாள் ஓடாது, ஜனவரியில போயே ஆகணும்'னு ரஞ்சனாகிட்ட தலைதலையா அடிச்சுண்டிருக்கேன். நீங்க என்னடான்னா தொப்பி போட்டுண்டு பல்லைக் காட்டறேள்! 'பாரும்மா, அப்பா எவ்வளவு ஜாலியா இருக்கார், நீ இன்னும் ஆறு மாசம் இரேன்'ங்கறா உங்க பொண்ணு. நான் என்ன பதில் சொல்றது?"

ஜெய்ராம் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். "உனக்கு அங்கேயே இருக்கத்தான் ஆசைன்னு நெனச்சேன். குழந்தையை வெச்சுண்டு சிரிச்சுண்டே இருந்தியே?"

"குழந்தையைப் பார்த்தா சிரிக்காம அழுவாளா? அதை விட்டுட்டு வரணும்னு நெனச்சாலே வயித்தைப் பெசையறது. ஆனா எனக்கு என் வீடு வேணும். எனக்கு..." என்று நிறுத்திக்கொண்டாள். "நானா கிளம்பறேன்னு சொன்னா அவ மனசு ஒடைஞ்சு போயிடும். நீங்க கூப்பிட்டா அது வேற. கூப்பிடுவேள், கூப்பிடுவேள்னு தெனமும் வாயைத் தொறந்து கேட்டேன். நீங்க கூப்பிடவே இல்லையே."

"நவம்பர்ல எனக்கு ஜுரம்" என்றார் ஜெய்ராம் திடீரென்று.

"என்னது?"

"எழுந்துக்கவே முடியல. முகர்ஜி பௌதிதான் பார்த்துண்டா. நீ கவலைப்படுவேன்னு சொல்லல."

"கவலைப்படறதுக்குத்தானே நான் இருக்கேன்? அதையும் வேண்டாம்னுட்டா அப்பறம் நான் உங்களுக்கு யாரு?" என்றாள். அழுதுவிட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நாளைக்குள்ள அவ விசாவுக்குப் போட்டுடுவா. முட்டி வலி, மாடி ஏற முடியலன்னு ஏதாவது சொல்லித் தொலையுங்கோ. இதோ மேல போய் அவ கையில போனைக் கொடுக்கறேன்."

காத்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் ஜெய்ராமுக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. யார்டில் வண்டி தடம் புரண்டபோதுகூட இப்படி வேர்த்ததில்லை. இங்கே டீ குடித்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஆற்றைப் பார்க்கிற மாதிரி இவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லுங்கோப்பா, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்" என்றாள் ரஞ்சனா. குழந்தை ஏதோ மழலையில் கத்தியது. "அம்மா ஏதோ முட்டி வலின்னாளே?"

"முட்டியெல்லாம் நன்னாத்தான் இருக்கு" என்றார். "எனக்கு அம்மா இல்லாம இருக்க முடியலம்மா. அவ்வளவுதான். ரொம்ப நாளாவே முடியல. ஜனவரியில அவளை அனுப்பிடு."

ரஞ்சனா சின்ன வயசில் பள்ளிக்கூட வாசலில் நின்று அழுவாளே, அதே குரலில், "எனக்கும் அம்மா வேணுமேப்பா" என்றாள். "மதுவை யார்கிட்ட விட்டுட்டுப் போவேன்?"

இந்த அழுகைக்கு ஜெய்ராம் இதுவரை இல்லை என்று சொன்னதே கிடையாது. கேட்டதெல்லாம் கொடுத்துப் பழகிய மனுஷர். இப்போதும் 'சரிடா கண்ணா, அம்மா இருக்கட்டும்' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"தெரியும்டா கண்ணா. கஷ்டம்தான். உன் ஆத்திரம் தீர என்னைத் திட்டிக்கோ. ஆனா இந்தத் தடவை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்."

மகள் அழுதாள். மாப்பிள்ளை ஏதோ சமாதானம் சொல்வது கேட்டது. போன் கை மாறியது. இந்த மூச்சு யாருடையது என்று அவருக்குத் தெரிந்தது.

"ஜலஜா?"

"ம்."

"கேட்டியா, சொல்லிட்டேன்."

"கேட்டுது" என்றாள். கொஞ்சம் பொறுத்து, யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போல, "இன்னொரு தடவை சொல்லுங்கோ" என்றாள்.

மேல்தளம் முழுக்கக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஷிப்ரா முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி நேராகவே இவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெய்ராம் குரலைத் தாழ்த்தவில்லை.

"வந்துடு ஜலஜா" என்றார். "நீ இல்லாம என்னால முடியல. வந்துடு."