கோயில் வேலிக்கு அந்தப் பக்கம்

எங்கள் தோட்டத்து மக்களுக்கு வீடு எங்கே கட்டுவது என்று மக்களே முடிவு செய்த கூட்டத்தில் குறிப்பு எழுதியவள் நான். பல வருடங்கள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நாங்களே பேசினோம், நாங்களே இடம் தேர்ந்தோம் என்பேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை அது.

தொண்ணூறுகளின் தொடக்கம். மலாக்காவில் ரப்பர் மரங்கள் சாய்ந்து வீடுகளும் தொழிற்சாலைகளும் எழும்பிக்கொண்டிருந்தன. எங்கள் தோட்டத்தையும் விற்றுவிட்டார்கள். லயத்தை, அதாவது தோட்டத்துக் கூலி வீடுகளின் வரிசையை, காலி செய்யும் குடும்பங்களுக்கு வரிசை வீடு கட்டித்தர நிலத்தை வாங்கியவர்கள் ஒப்புக்கொண்டார்கள். இடம் இரண்டு இருந்தது. ஒன்று, ரப்பர் பால் சேகரிக்கும் பழைய ஸ்டோர் இருந்த மேடு. பெரிய சாலையிலிருந்து ஒரு மைல் உள்ளே. இன்னொன்று, சாலையை ஒட்டிய பதினொன்றாம் நம்பர் காடு. ரப்பர் காடுகளை நாங்கள் நம்பர் வைத்துத்தான் சொல்வோம். எந்த இடம் வேண்டும், கோயில் எங்கே, பாலர் பள்ளி எங்கே, திடல் எங்கே என்று மக்களே கூடிப் பேசி எழுதிக் கொடுங்கள் என்று நிலத்தை வாங்கியவர்களின் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது.

கடிதம் மலாயில் இருந்ததால் என்னிடம் வந்தது. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. தெங்கேராவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. தினமும் பஸ்ஸில் புக்கிட் பெருவாங் வழியாகப் போவேன். அங்கே இரும்பு கேட்டும், கார் நிறுத்த இடமும், ஜன்னலில் திரைச்சீலையுமாக நிற்கும் வீடுகளைக் கண்ணெடுக்காமல் பார்ப்பேன். அலுவலகத்துச் சீனத்தி ஒருத்தி என் வீட்டுக்கு ஒருமுறை வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். லயத்து வீட்டுக்கு அவளை எப்படிக் கூட்டிவருவது என்று நானும் சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். சாலையோரத்தில் வீடு வந்தால், அதோ என் வீடு என்று பஸ்ஸிலிருந்தே காட்டலாம். என் தோட்டத் திட்டம் அவ்வளவுதான்.

கூட்டத்தைப் பெரட்டுக் களத்தில் வைத்திருக்கலாம். காலையில் ஆள் கணக்கு எடுக்கும் இடம், எல்லாருக்கும் பொதுவான இடம். கோயில் தலைவர் வேண்டாம் என்றார்.

"பெரட்டுல நின்னு நின்னு காலு மரத்துப் போச்சு. இதையாச்சும் உக்காந்து பேசுவோம்லா" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். அப்படித்தான் கூட்டம் கோயில் மண்டபத்துக்குப் போனது. கோயில் என்றால் தீட்டுக்காரர்கள் உள்ளே வர முடியாது என்று அந்தச் சிரிப்பில் யாருக்கும் தோன்றவில்லை.

கூட்ட நாளன்று வேலிக்கு வெளியே ஓர் அக்கா நின்றிருந்தார். எங்கள் லயத்தின் கடைசி வீடு. நாற்பது வயதிருக்கும். முதுகில் பம்பைச் சுமந்து காட்டில் புல்லுக்கு மருந்தடிப்பவர். புருஷன் இறந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. பதினாறு முடியாமல் கோயிலுக்குள் கால் வைக்கக் கூடாது. என்னைப் பார்த்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார்.

"தங்கச்சி, நீதானே எழுதப் போறே? பதினொண்ணாம் நம்பரப் பத்தி நான் ஒண்ணு சொல்லணும்."

"கூட்டம் முடிஞ்சதும் நானே வந்து கேட்டுக்கறேன் அக்கா. நீங்க இப்ப உள்ள வரக் கூடாதுல்ல."

"சரிமா. மறந்துறாதே."

அவர் என்ன சொல்லப் போகிறார் என்பது எனக்குத் தெரியும். பதினொன்றாம் நம்பரில் மரத்தை வெட்டி வருடக்கணக்காகி, வெறும் லாலான் புல் மண்டிக் கிடந்தது. மருந்தடிக்கிறவர்களைத் தவிர யாரும் உள்ளே போவதில்லை. ஆனால் பள்ளிக்கூடம் போகும்போது அதன் ஓரமாகத்தான் நான் நடந்திருக்கிறேன். ஆண்டுக் கடைசி மழையில் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில். தெரிந்ததால்தான் அவர் சொல்வதைக் கேட்க எனக்கு மனமில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதவே கை கூசுகிறது. அன்று நானும் வீட்டுக்குத் தூரம். இரண்டாம் நாள். அம்மாவிடம் வாசலில் நின்றே எழுதிக்கொள்கிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, மண்டபத்தின் நடுவில், மின்விசிறிக்குக் கீழே போய் உட்கார்ந்தேன். எனக்கு அந்தத் தீட்டில் அன்றும் நம்பிக்கை இல்லை, இன்றும் இல்லை. நம்பிக்கை இல்லாதவள் அந்த அக்காவையும் உள்ளே கூப்பிட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் நானும் வெளியே நின்றிருக்க வேண்டும். ஊருக்குத்தான் உபதேசம் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுபோல இருக்கிறது.

கூட்டத்தில் இரண்டு இடத்தையும் விளக்கிச் சொல்லும் வேலை எனக்கு. மேட்டைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னேன். சாலையோரத்தைப் பற்றி ஒரு பாட்டமே பாடினேன். பஸ் வாசலில் நிற்கும், குருபோங் தொழிற்சாலை வேன் வந்து ஏற்றிக்கொள்ளும், கிளினிக் பக்கம். பொய் ஒன்றும் இல்லை. சொல்லாமல் விட்டதுதான் பொய். நடுவில் ஒருமுறை வேலிப் பக்கம் பார்த்தேன். அக்கா கையைத் தூக்கிக்கொண்டு நின்றார், வகுப்பில் பிள்ளை தூக்குவதைப் போல. நான் குனிந்து நோட்டில் தேதியை இன்னொரு முறை எழுதினேன்.

கூட்டம் முடிந்ததும் கோயிலின் பின்பக்கமாக வீட்டுக்குப் போய்விட்டேன். வயிற்று வலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் முதலாளி வருவதற்கு முன்பே அலுவலகத்தில் உட்கார்ந்து குறிப்பைத் தட்டினேன். 'செபுலாட் சுவாரா', அதாவது எல்லாரும் ஒருமனதாக, பதினொன்றாம் நம்பர். வந்தவர்கள் பட்டியலில் அந்த அக்காவின் பெயரையும் சேர்த்தேன். வந்திருந்தார்தானே.

வீடுகள் வந்தன. குலுக்கல் போட்டார்கள். அந்த அக்காவுக்குக் கடைசி வரிசையில் கடைசி வீடு, இருப்பதிலேயே பள்ளமான இடம். எங்களுக்கு முதல் வரிசை, சாலையைப் பார்த்த வாசல். இரும்பு கேட் போட்டு நீலச் சாயம் அடித்தோம். சீனத்தியைக் கூட்டிவந்து காட்டினேன்.

முதல் மழைக்காலத்தில் எங்கள் வாசற்படியோடு நின்ற தண்ணீர், அக்காவின் வீட்டில் கட்டில் உயரத்துக்கு ஏறியது. அரிசி, பாய், பிள்ளைகளின் பள்ளிப் புத்தகம் எல்லாம் போயின. நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். இரண்டு பேரும் சேர்ந்து சேற்றைத் தள்ளினோம். இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று காத்திருந்தேன். அவர், "அந்த வாளியக் கொஞ்சம் எடு தங்கச்சி" என்பதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் அன்றே எனக்குப் பாதி ஆறியிருக்கும்.

மூன்றாவது வருட மழைக்குப் பிறகு, பெரிய வாய்க்கால் வெட்ட ஒப்புதல் கிடைத்தது. எந்த வழியாக வெட்டுவது என்று மீண்டும் மக்களே எழுதிக் கொடுக்க வேண்டும். நேர்வழி என்றால் முதல் வரிசை வீடுகளின் முன்வாசலைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். அது முடியாது என்றால் சுற்றுவழி. அதில் கடைசி வரிசைக்குத் தண்ணீர் வடிவது சந்தேகம்தான். கூட்டம், வழக்கம் போல, கோயிலில். அதற்கு ஆறு நாள் முன்புதான் என் அப்பா இறந்திருந்தார்.

கூட்டத்தன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். நீலக் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அந்த அக்கா. சாவு வீட்டுக்கு வந்தால் குளிக்காமல் கோயிலுக்குப் போக முடியாது. வெளியில் நின்றே பேசிவிட்டுப் போயிருக்கலாம். அவர் உள்ளே வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"இன்னிக்குக் கூட்டம். உன்னால வர முடியாது. என்ன சொல்லணும்னு சொல்லு, நான் போயிச் சொல்றேன்."

"குளிக்கணுமே அக்கா, நேரமாயிடுமே."

"குளிச்சா என்ன, கரைஞ்சா போயிருவேன்? நீ சொல்லு."

நேர்வழியே வெட்டச் சொல்லுங்கள், எங்கள் முன்வாசலை எடுத்துக்கொள்ளட்டும், கேட்டையும் கழற்றிக்கொள்ளட்டும் என்றேன். அவர் அதை ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிதானா என்று கேட்டார். எழுந்திருக்கப் போனவரின் கையைப் பிடித்தேன்.

"அக்கா, அன்னிக்கு நான் வர்றேன்னு சொல்லிட்டு வரல. வேணும்னுதான் வரல. அன்னிக்கு நானும் தீட்டோடதான் உள்ள உக்காந்திருந்தேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அன்னிக்குக் காலையில பைப்புக்குப் போறப்ப பாத்தேன். உன் தட்ட உங்கம்மா தனியா கழுவிப் பின்னால கவுத்து வச்சிருந்தாங்க."

வேலிக்கு வெளியே இரண்டு மணி நேரம் நின்றவரிடம் அன்று அந்த ஒரு வார்த்தை இருந்திருக்கிறது. உரக்கச் சொல்லியிருந்தால் என்னை எழுப்பி அவர் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருப்பார்கள்.

"ஏங்கா சொல்லல?"

"சொன்னா உன்னையும் வெளிய நிறுத்திருப்பாங்க. அப்புறம் நான் சொல்றத எழுத யாரு இருக்கா?"

அவர் வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனார். கூட்டம் முடிந்ததும், ஈரத் தலை காயாமல், நேராக என் வீட்டுக்கு வந்து என்ன பேசினார்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னார்.