பன்னிரண்டாவது நாற்காலி

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் மதியம் எங்கள் ஊர்க் கண்மாய்ப் படித்துறைக்குப் போனால் 'கரக் கரக்' என்று ஒரே சத்தமாக இருக்கும். சூசையப்பர் சபையின் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து, செங்கல் துண்டாலும் தேங்காய் நாராலும் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். ஆண்டவர் தம் சீடர்களுக்குச் செய்தது போல, அன்று சாயங்காலப் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவி முத்தமிடுவார். அந்தப் பன்னிரண்டு பேரும் சபையிலிருந்துதான் போக வேண்டும் என்பது எங்கள் பங்குக் கோயிலின் வழக்கம். "சாமி வாய் வைக்கிற காலுய்யா, நல்லாத் தேயிங்க" என்று சபைத் தலைவர் சவரிமுத்து அதட்டிக்கொண்டே இருப்பார்.

தேய்த்தாலும் போகாத வெடிப்புகள் அவை. இலுப்பூர்ப் பக்கத்துச் சரளை மண்ணில் வருசமெல்லாம் நடந்த கால்கள். காட்டு வேலை போக, இழவு விழுந்தால் குழி வெட்டுவது, சுமந்து கொண்டுபோய் அடக்குவது, வேலைக்கு ஆள் இல்லாத வீட்டுக்குக் கூரை வேய்வது எல்லாம் சபைக்காரர்கள் தலையில்தான். எந்தச் சாமி கும்பிடும் வீடு என்று கேட்க மாட்டார்கள். ஓர் ஐப்பசி மழையில் எங்கள் கூரை சரிந்தபோது அப்பா காய்ச்சலில் கிடந்தார். கூப்பிடாமலே கீற்றுக்கட்டோடு வந்து, பொழுது சாய்வதற்குள் வேய்ந்துவிட்டு, ஆளுக்கொரு செம்பு தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்கள். அதுவரை பூசைக்குப் போய்வருவதோடு நின்றிருந்த அப்பா, எழுந்து நடமாடத் தொடங்கியதும் சபையில் சேர்ந்துவிட்டார்.

அதில்தான் எனக்கு வினை வந்தது. பன்னிரண்டு நாற்காலியில் முதலாவது, சீடர்களில் தலையானவர் பெயரில் 'இராயப்பர் நாற்காலி', சபைத் தலைவருக்கு உரியது. கடைசி 'யூதாசு நாற்காலி'. முப்பது வெள்ளிக்காசுக்கு ஆண்டவரைக் காட்டிக்கொடுத்துவிட்டுக் கயிற்றில் தொங்கியவன் இடம் என்று யாரும் அதில் உட்கார மாட்டார்கள் என்பதால், சபைக்குப் புதிதாக வருகிறவர் தலையில் கட்டிவிடுவார்கள். உட்கார்ந்தவருக்கு அடுத்த பெரிய வியாழன் வரை ஊரில் அதுதான் பெயர். பெரியவர்களாவது சிரித்துவிட்டுப் போவார்கள், பள்ளிக்கூடத்தில் அப்படி இல்லை. முந்தின வருசம் உட்கார்ந்தவரின் பையனை 'யூதாசு மகன்' என்று விரட்டி விரட்டியே விளையாட வராமல் செய்திருந்தார்கள். நானோ, வாத்தியார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே வேர்த்துப்போகிறவன்.

தலைவர் மகன் அடைக்கலம் என் வகுப்புதான். படித்துறையில் எல்லார் முன்னாலும் கேட்டான். "டேய், ஒங்கப்பாருதேன் இந்த வருசம் யூதாசாம்ல? ஒன்னய இப்பவே கூப்புடவா, பூசை முடியட்டுமா?"

நான் வீட்டுக்கு ஓடி, அடுப்படியில் அழுதேன். அம்மாவுக்கும் பொறுக்கவில்லை. "ஊருக்குள்ள வேற ஆளே இல்லையாங்க? முடியாதுன்னு சொன்னாத்தேன் என்ன?"

"கூரை போட்டுக் குடுத்தவுக கூப்புடுறாக. எந்த மொகத்த வச்சுக்கிட்டு முடியாதுங்குறது?" என்று அப்பா வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

தண்ணீர்க் குடத்தையும் தாம்பாளத்தையும் கொண்டுவந்து இராயப்பர் நாற்காலியின் பக்கத்தில் வைப்பதும் புதியவர் வேலைதான். ஆனால் அப்பா என்னைவிடக் கூச்சக்காரர். கிணற்றடி வாசல் வழியாகக் குடத்தோடு உள்ளே வந்தவர், கோயில் நிறைந்த கூட்டத்தைப் பார்த்தார். அத்தனை பேர் பார்க்கப் பீடத்துக்கு முன்னால், இராயப்பர் நாற்காலி கிடந்த அந்தக் கோடிக்கு நடந்துபோக அவருக்குக் கால் வரவில்லை. குடத்தைத் தன் நாற்காலியின் பக்கத்திலேயே இறக்கிவைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சாமியார் அந்த வருசம்தான் ஊருக்குப் புதிதாக வந்தவர். பாட்டு தொடங்கியதும் நேரே குடம் இருந்த இடத்துக்கு வந்து, அப்பாவின் முன்னால் மண்டியிட்டார். "சாமி, அங்கிட்டு... அங்கிட்டு" என்று பூசைக்கு உதவியாக நின்ற உபதேசியார் கிசுகிசுத்தது அவர் காதில் விழவில்லை. முதல் கால் எங்கள் அப்பாவுடையது. அப்படியே வரிசையாகப் போய், பன்னிரண்டாவதாகத் தலைவர் சவரிமுத்துவிடம் வந்து முடித்தார். தலைவரின் முகம் சுண்டிப்போயிருந்தது.

பூசை முடிந்து வெளியே வந்ததும் சபைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"என்ன தலைவரே, முப்பது வெள்ளிக்காசு வந்துருச்சா?"

"கயிறு வேணுமின்னாச் சொல்லுங்க, வீட்டுல கெடக்கு."

அப்பா அரண்டுபோய், "தெரியாம வச்சுப்புட்டேன், தலைவரே" என்று கையைப் பிசைந்தார். தலைவர் ஈரக் காலோடு கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சும்மா கெடங்கய்யா. அந்த யூதாசு காலையுந்தேன ஆண்டவரு கழுவுனாரு? நாந்தேன் யூதாசு, போங்க. நாளைக்கிப் பெரிய வெள்ளிக்குச் சிலுவ தூக்க மட்டும் இந்த யூதாசக் கூப்புடாதீங்க!"

திரும்பப் பள்ளிக்கூடம் திறந்தபோது அடைக்கலம் என் முகத்தைப் பார்க்காமல் ஓரமாக நின்றான். நான் என்ன சொல்லிக் கூப்பிடுவேனோ என்று அவனுக்குப் பயம். கையில் இருந்த புளியங்காயை நீட்டினேன். வாங்கிக்கொண்டான்.

இப்போது நாங்கள் இரண்டு பேருமே சபையில் இருக்கிறோம். கூரை வேயும் வேலை இல்லை, எல்லாம் ஓடும் மச்சுமாக ஆகிவிட்டது. நோயாளிகளைப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதுதான் இப்போது பெரிய வேலை. பிள்ளைகள் திருப்பூரும் சிங்கப்பூரும் போய்விட்டதால் சபையில் பன்னிரண்டு ஆண்கள் சேர்வதே கடினம். பெண்களும் உட்காருகிறார்கள், போன வருசம் என் மனைவி உட்கார்ந்தாள். நாற்காலிகளை வட்டமாகப் போடுவதால் முதலும் கடைசியும் யாருக்கும் தெரியாது, யூதாசு என்று எந்தப் பிள்ளையையும் யாரும் கூப்பிடுவதில்லை. நல்லதுதான். ஆனாலும் பாதம் கழுவும் பாட்டு தொடங்கும்போது அடைக்கலம் இருக்கும் பக்கம் நான் திரும்ப மாட்டேன், அவனும் என்னைப் பார்க்க மாட்டான். கண்ணும் கண்ணும் பட்டால் சிரித்துவிடுவோம். பெரிய வியாழன் பூசையில் சிரிக்கக்கூடாது.