சேணம் கழற்றிய ஜாக்கி

மாத்தளை கொங்காவெலயில் ஹமீமாவைப் பெண் கேட்டு வந்தவர்கள், மாப்பிள்ளைக்குக் கொழும்பில் "மிருகங்களோட வேலை" என்று மட்டும் சொன்னார்கள். மாட்டு வைத்தியராக்கும் என்று பெண் வீட்டார் தாங்களாகவே முடிவுசெய்து சந்தோஷப்பட்டார்கள். நிக்காஹ் முடிந்து, விருந்துக்குக் கூடி உண்ட சஹன் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் இத்ரூஸ் ரேஸ் குதிரை ஓட்டும் ஜாக்கி என்பது வெளியே வந்தது. ஹமீமா நானா என்று கூப்பிடும் அவள் அண்ணன் பாறூக், "சரி, அதுவும் மிருகம்தானே" என்றார்.

இத்ரூஸின் வாப்பா பதுர்தீன் யட்டவத்தப் பக்கத்தில் கொக்கோவும் மிளகும் வாங்கி மாத்தளையில் விற்றவர். மூட்டை சுமக்க ஒரு மட்டக்குதிரை வைத்திருந்தார். யார் கிட்டப் போனாலும் கடிக்கும் அந்தக் குதிரை இத்ரூஸை மட்டும் கடிக்கவில்லை. மகன் அதில் ஏறிப் பறந்ததை ஒரு தோட்டத்துத் துரை பார்த்துவிட்டு, கொழும்பில் தனக்குத் தெரிந்த குதிரை லாயத்துக்கு அனுப்பிவைத்தார். சூதாட்டத்துக்கு ஓடுகிற குதிரையில் தன் மகன் உட்கார்ந்திருப்பதை பதுர்தீன் மன்னிக்கவில்லை. மகன் அனுப்பிய சுவர்க்கடிகாரத்தைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். நேரம் பார்க்க அவருக்குப் பாங்கொலி போதுமாயிருந்தது.

ஹமீமா கொழும்பு கொம்பனித்தெருவில் குடும்பம் நடத்தினாள். சமையல் பெரிய வேலையாக இருக்கவில்லை. எடை கூடிவிடும் என்பதால் இத்ரூஸ் காலையில் பாதி ஆப்பம் சாப்பிடுவார். மத்தியானம் மீதிப் பாதியைப் பார்ப்பார். உச்சி வெயிலில் இரண்டு கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்து வியர்ப்பார். புதுப்பெண்ணைப் பார்க்க மாத்தளையிலிருந்து வந்த சொந்தக்காரர்கள், மாப்பிள்ளைக்குக் குளிர்காய்ச்சல் என்று நினைத்துக் கசாயம் வைத்துக் கொடுத்தார்கள். அதையும் அவர் குடிக்கவில்லை.

ஆனால் குதிரையில் ஏறிவிட்டால் ஆளே வேறு. சாட்டையை எடுக்கவே மாட்டார். கடைசி வளைவில் குதிரையின் காதருகே குனிந்து ஏதோ சொல்வார், குதிரை நீளும். மற்ற ஜாக்கிமார் அது குர்ஆன் ஆயத் என்றார்கள், சிலர் மலையாள மந்திரம் என்றார்கள். ஹமீமா ஒருநாள் நேரிலேயே கேட்டாள்.

"முன்னால போற குதிரையப் பத்தி கொஞ்சம் கொற சொல்லுவேன்," என்றார் இத்ரூஸ்.

அவர் விளையாட்டாகச் சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. முகத்தில் எதையும் காட்டாத மனிதர். ஜெயித்து வந்தாலும் தோற்று வந்தாலும் செருப்பைக் கழற்றி ஒரே இடத்தில்தான் வைப்பார்.

ஐம்பத்து நாலாம் வருஷம் ஒரு பெரிய பந்தயம். எல்லோரும் காசு கட்டியிருந்த குதிரை இத்ரூஸுடையது. அது நாலாவதாக வந்தது. வேண்டுமென்றே பிடித்து நிறுத்தினார் என்று புகார் எழுந்தது. விசாரணையில் உட்கார்ந்த கனவான்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் இத்ரூஸ் ஒரே பதிலைச் சொன்னார். வீட்டுக்கு வந்தபிறகு ஹமீமாவும் கேட்டாள்.

"குதிரைய நிப்பாட்டினீங்களா?"

"ஓடல்ல."

"அது ஓடல்லயா, நீங்க ஓட விடல்லயா?"

"ஓடல்ல."

அவர்களுக்குச் சொன்னதும் அதைத்தான். இனி இலங்கையில் எந்தப் பந்தயத்திலும் குதிரை ஏறக்கூடாது என்று தடை விதித்தார்கள். இரண்டொரு வருஷத்தில் அரசாங்கம் கொழும்பில் பந்தயத்தையே நிறுத்திவிட்டது. அவரை விலக்கிவைத்த மைதானத்தில் புல் வளர்ந்தது. அந்தச் செய்தியை ஹமீமா பேப்பரில் வாசித்துக் காட்டியபோது இத்ரூஸ், "குதிரையெல்லாம் என்ன செய்வாங்களாம்?" என்று மட்டும் கேட்டார்.

அப்போது அவர்கள் மாத்தளைக்குத் திரும்பியிருந்தார்கள். பாறூக்கின் இரும்புக் கடையில் இத்ரூஸுக்கு ஆணி நிறுக்கிற வேலை. அவர் குடிக்கவும் தொடங்கியிருந்தார். ஓடுகிற குதிரையிலிருந்து விழாத மனிதர், கடை வாசலில் நிறுத்திவைத்திருந்த சைக்கிளிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டார். பதுர்தீன் மகனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தார். சைக்கிளில் சூது கிடையாது என்பதால் வந்திருக்கலாம்.

கடைக்கு எதிரே, இங்கிலாந்தில் ஓடும் குதிரைகளுக்கு மாத்தளையிலிருந்தபடியே பந்தயம் கட்டும் இடம் ஒன்று இருந்தது. அங்கே வருகிறவர்கள் முதலில் கடைக்கு வந்து ஜாக்கியிடம் குறி கேட்பார்கள். கண்ணால் காணாத குதிரைகளின் பெயர்களைக் கேட்டுவிட்டு இத்ரூஸ் ஒன்றைச் சொல்வார். அது தோற்கும். மனிதர் வேண்டுமென்றே பிழையாகச் சொல்கிறார் என்று அவர்களுக்குத் தோன்றியது. பிறகு அவர் சொல்லாததில் கட்டினார்கள். அதுவும் தோற்றது. அதற்குப் பிறகுதான் அவருக்கு மரியாதை கூடியது.

அறுபத்தோராம் வருஷம், ரத்தொட்டைக்கு மேலே ரிவர்ஸ்டன் மலையை ஒட்டிய ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை ஆள் அனுப்பினார். கொழும்பு லாயம் ஒன்று கலைந்தபோது வாங்கிய ஒரு சாம்பல்நிறப் பெண்குதிரை அவரிடம் இருந்தது. தோட்டத்துச் சனங்கள் அதற்குச் சீமாட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். யாரையும் ஏறவிடாது, துரையை இரண்டு தடவை சாக்கடையில் தள்ளியிருந்தது. இத்ரூஸ் போனார். அன்று பின்னேரம் திரும்பி வந்தவர் சட்டையில் குதிரை மணத்தோடு வந்து, செருப்பைத் தாறுமாறாகக் கழற்றிப்போட்டார். ஹமீமா அந்தச் செருப்பை எடுத்து ஒழுங்காக வைக்கவில்லை. அப்படியே கிடக்கட்டும் என்று விட்டாள்.

குடி நின்றது. ஞாயிற்றுக்கிழமை தோறும் முதல் பஸ்ஸில் மலைக்குப் போய்விடுவார். ஒன்றரை வருஷம் இப்படியே போயிற்று. பிறகு ஒருநாள் கறுப்புக் காரில் கொழும்பு ஆள் ஒருவர் வந்தார். முன் அறையில் இத்ரூஸோடு தணிந்த குரலில் பேசிவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போனார்.

"யாரு அது?" என்றாள் ஹமீமா.

"பழைய ஆள்."

அந்த மாதம் இத்ரூஸ் சாப்பாட்டைத் தள்ளிவைக்கத் தொடங்கினார். கறியில் ஏதோ கோளாறு என்று நினைத்து ஹமீமா தேங்காய்க்காரனை மாற்றினாள்.

மாதம் முடிகிற ஞாயிறன்று அவரைப் பிணமாகக் கொண்டுவந்தார்கள்.

நடந்தது இவ்வளவுதான். இத்ரூஸ் காலையில் சீமாட்டியில் ஏறி, மூடுபனிக்குள் ரிவர்ஸ்டன் புல்மேட்டுப் பக்கம் போனார். வெயில் வந்த நேரம் குதிரை மட்டும் லாயத்துக்குத் திரும்பி வந்தது. அதன் மேல் சேணமும் இல்லை, வாயில் கடிவாளமும் இல்லை. தேடிப் போனவர்கள் மேட்டின் நடுவில் சமதரையில் அவரைக் கண்டார்கள். கழுத்து முறிந்திருந்தது. பக்கத்துப் பாறையில் சேணம் இருந்தது. கால் வைக்கும் அங்கவடிகளை மேலே ஏற்றி, வாரைச் சுருட்டி, கடிவாளத்தை மேலே வைத்து, ரேஸ் முடிந்து ஜாக்கிமார் வைக்கிற மாதிரியே யாரோ வைத்திருந்தார்கள்.

குதிரையால் தன் சேணத்தைக் கழற்ற முடியாது. கழுத்து முறிந்தவராலும் முடியாது. மரண விசாரணை அதிகாரி குதிரையிலிருந்து விழுந்து மரணம் என்று எழுதி, அடக்கம் செய்ய ஜனாஸாவை ஒப்படைத்தார். சேணத்தைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை.

ஹமீமா இத்தா இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் வாசலைத் தாண்டாமல் வீட்டுக்குள் இருந்தபோது, புருஷனின் மரணம் விதவிதமாக அவளைத் தேடி வந்தது. கொழும்புப் பந்தயக்காரர்கள் பழைய பகையைத் தீர்த்தார்கள் என்று எதிர்வீட்டு ஜுனைதா சொன்னாள். ரிவர்ஸ்டன் காற்று ஆளையே தூக்கி அடிக்கும் என்றாள் இன்னொருத்தி. மூன்றாவதாக வந்தவள் ஜின் என்றாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஹமீமா, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்பாள். கறுப்புக் காரைப் பற்றி பாறூக் மூலம் பொலிசுக்குச் சொல்லி அனுப்பினாள். மாத்தளையில் கறுப்புக் கார் நிறைய உண்டு என்று பொலிஸில் சொன்னார்களாம்.

இத்தா முடிந்த கிழமையே பாறூக்கைக் கூட்டிக்கொண்டு மலையேறினாள். குதிரைக்காரன் செல்லச்சாமி லாயத்து வாசலில் முண்டாசை அவிழ்த்துக்கொண்டு நின்றான்.

"அன்னிக்கி வேற யாராச்சும் வந்தாங்களா?"

"நான் பார்க்கலீங்கம்மா. பனியா இருந்திச்சு. ஒங்க காரு வந்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது."

"எங்களுக்குக் காரு இல்ல. குதிர எப்பிடி வந்திச்சு? ஓடியா?"

"நடந்துதாங்க. மேல வேர்வகூட இல்லீங்க."

"சேணம் இல்லாம அவரு ஓட்டியிருப்பாரா?"

"கடிவாளம் இல்லாம இத ஓட்ட ஏலாதுங்கம்மா. பைத்தியந்தான் அப்பிடி ஏறும். ஜாக்கியய்யா பைத்தியம் இல்லீங்களே."

"இல்ல," என்றாள் ஹமீமா. சொல்லிவிட்டு, அது உறுதியாகத் தெரியுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

துரை சீமைக்குத் திரும்பப்போவதாகவும், குதிரையை வாங்க ஆளில்லாததால் சுட்டுவிடப் போவதாகவும் செல்லச்சாமி சொன்னான். ஹமீமா பாறூக்கைப் பார்த்தாள்.

"ஒனக்கென்ன பைத்தியமா தங்கச்சி? குதிரைய வெச்சி என்ன செய்யிற?"

"நடந்தத பார்த்தது இது ஒண்ணுதான் நானா. இதையும் சுட்டுட்டா யாருகிட்ட கேக்கிற?"

குதிரையிடம் எப்படிக் கேட்பது என்று பாறூக் கேட்கவில்லை. அடுத்த வாரம் சீமாட்டி மாத்தளைத் தெரு வழியே கொங்காவெலக்கு நடந்து வந்தது. பதுர்தீன் தன் பழைய கொக்கோக் கொட்டகையைத் திறந்துவிட்டார். பந்தயம் கட்டுகிறவர்கள் வேலியோரம் வந்து, பேப்பரிலுள்ள குதிரைப் பெயர்களைச் சீமாட்டிக்கு வாசித்துக் காட்டி, அது எந்தப் பெயருக்குக் காதை ஆட்டுகிறது என்று பார்த்தார்கள். ஹமீமா தண்ணீர் ஊற்றித் துரத்தினாள்.

அறுபத்தாறில் கறுப்புக் கார் மறுபடியும் வந்தது. பாறூக் கடையில் இருந்தார். ஹமீமா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அந்த மனிதரை நேரே வீட்டுக்குள் கூப்பிடாமல் கொட்டகைப் பக்கமாகச் சுற்றி அழைத்துப்போனாள். அவர் சீமாட்டியின் மூக்குக்கு முன்னால் நிற்கும்போது, அது வெருளுமா என்று குதிரையை உற்றுப் பார்த்தாள். சீமாட்டி புல் தின்றது. அவரைப் பார்த்துவிட்டு மறுபடியும் புல் தின்றது. ஹமீமா பெருமூச்சு விட்டு, "உள்ள வாங்க" என்றாள்.

சிவலிங்கம் என்று பெயர் சொன்னார். இத்ரூஸ் காலமானது தமக்கு இப்போதுதான் தெரியவந்தது என்றார்.

"மெட்ராஸ்ல ஒரு லாயக்காரர் ஆள் தேடினாருங்க. குதிரைகளப் பழக்கி ஓட்டணும். அதச் சொல்லத்தான் அன்னிக்கு வந்தேன். எடை கொஞ்சம் கூடிப்போச்சு, ஒரு மாசத்துல குறைச்சிட்டு வாறேன்னாரு. வரலைன்னதும் மனசு மாறிட்டாருன்னு நெனச்சிட்டேன்."

ஹமீமாவுக்குத் தேங்காய்க்காரனின் முகம் ஞாபகம் வந்தது. நல்ல மனிதன், இளம் தேங்காய் தந்தான் என்று சத்தம்போட்டு அனுப்பியிருந்தாள்.

"என்னையும் கூட்டிப்போறதா சொன்னாரா?"

சிவலிங்கம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "அத நான் கேக்கலீங்கம்மா."

"கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கலாந்தான்."

அவர் எழுந்து விடைபெற்றார். கார் கிளம்ப மறுத்தது. தெருவில் நின்றவர்கள் சேர்ந்து மூலைவரை தள்ளிக் கிளப்பிவிட்டார்கள். சத்தம் கேட்டு ஓடி வந்த பாறூக், "யாரு? என்னத்துக்கு வந்தான்? பொலிசுக்குப் போவமா?" என்று மூச்சு வாங்கினார்.

"போய் என்ன சொல்ற நானா? பயணம் போகப்போன ஆள் எடை குறைச்சாருன்னா?"

"அப்ப எப்பிடி மவுத்தானாருன்னு?"

"தெரியா," என்றாள் ஹமீமா. அவர் மரணத்தைப் பற்றி அந்தச் சொல்லை அவள் சொல்வது அதுதான் முதல் தடவை.

பாறூக் கடைக்குத் திரும்பினார். விருந்தாளி தொடாமல் விட்டுப்போன பிஸ்கட் தட்டு மேசையில் இருந்தது. ஹமீமா அவர் உட்கார்ந்த கதிரையிலேயே உட்கார்ந்து, அவ்வளவு பிஸ்கட்டையும் பாதி வைக்காமல் ஒன்றொன்றாகத் தின்று முடித்தாள்.