பின்சீட்டுப் பாரம்

பல் டாக்டர் வாசலில் நிற்கும் யாருடைய காரையோ மாமா அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் டிக்கியின் மூலையில் ஊன்றி, உடம்புப் பாரத்தையெல்லாம் போட்டு ஒரு அழுத்து. சட்டென்று கையை எடுத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் கவனிப்பார். கார் ஒருமுறை எழும்பி அடங்கிவிட்டால் "தேவல" என்பார். இரண்டு மூன்று தடவை ஆடினால் முகம் வாடிவிடும். ஊரான் வீட்டு வண்டி ஆடினால் இவருக்கு என்ன வந்தது என்று கேட்காதீர்கள், நான் கேட்டு அலுத்துவிட்டேன். அன்றைக்கு அந்தக் கார் அலாரம் போட்டு அலற, கன்னத்துக்குள் பஞ்சோடு அதன் சொந்தக்காரர் ஓடிவந்தார். "சார், பின்னாடி ஷாக் அப்சார்பர் ரெண்டும் போயிடுச்சு. சீக்கிரம் பாத்துடுங்க" என்று மாமா அவருக்கு ஆறுதல் வேறு சொன்னார். அவரால் வாயைத் திறந்து திட்ட முடியவில்லை. எல்லாம் டாக்டர் புண்ணியம்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். தொழில், லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் ஏறுவதும் இறங்குவதுமாகவே தலை நரைத்த மனிதர். ஒரு லிஃப்டுக்குள் நுழைந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். கூட வருகிறவர்கள் ஏதோ பிரார்த்தனை என்று நினைத்துச் சத்தம் காட்டாமல் இருப்பார்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் கண்ணைத் திறந்து, "நடுவுல ஒரு இடத்துல லேசா உதறுது" என்பார். போய்ப் பார்த்தால் உதறும். நல்ல பெயர் எடுத்திருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் அக்கா என்ன சொல்வாள் தெரியுமா? "ஊர்ல இருக்கிறவங்க ஏறுற லிஃப்ட் எல்லாம் குலுங்காம நிக்கும். கட்டின பொண்டாட்டி ஏறுற வண்டி மட்டும் கட்டவண்டி."

வண்டிக்கு வயது அதிகம்தான். என் அக்கா மகள் நடக்கப் பழகிய வருடம் வாங்கியது, அவளுக்கு இப்போது ஒரு குழந்தை நடக்கப் பழகுகிறது. அந்த வண்டியில் பின்சீட்டு அக்காவுடையது. முன்சீட்டில் அவள் உட்கார மாட்டாள். உட்கார்ந்தால் எதிரே ஒரு சைக்கிள் வந்தாலும் தன் காலால் தரையை அழுத்தி பிரேக் போடுவாள், அதைப் பார்த்து மாமா பதறுவார், இருவருக்கும் சண்டை மூளும். அதனால் வண்டி வந்த புதிதிலேயே ஓர் உடன்படிக்கைக்கு வந்துவிட்டார்கள். அவள் பின்னால், இவர் முன்னால். பின்னால் போனதில் காலுக்குத்தான் ஓய்வு கிடைத்தது, வாய்க்கு இல்லை. "இடது பக்கம் ஆட்டோ." "ஏன் இவ்வளவு ஒட்டிப் போறீங்க?" "அந்தம்மா குறுக்க வரும், பாருங்க." வண்டியை ஓட்டியது மாமா, ஓட்டவைத்தது அக்கா.

வினை வந்தது ரயில்வே கேட்டில். ஒரு வருடமாகவே பின்பக்கம் 'தொம் தொம்' என்று விழுந்துகொண்டிருந்தது. அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். இவரும் "அடுத்த வாரம் பாக்குறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஊரான் காரை அமுக்கிப் பார்க்கிற மனிதருக்கு வீட்டுக் காரை அமுக்க நேரமில்லை. மகள் வீட்டிலிருந்து திரும்பும்போது தண்டவாளத்தைத் தாண்டிய குலுக்கலில் அக்கா எழும்பிக் கூரையில் முட்டி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சீட்டில் விழுந்தாள். "நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினார். இறங்கினாள். பையை எடுத்துக்கொண்டாள். "இனி இந்த வண்டில நான் ஏறினேன்னா ஏன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு, இடுப்பில் ஒரு கையை வைத்தபடி பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்துவிட்டாள். என் அக்கா ஒன்று சொன்னால் சொன்னதுதான். சிறுவயதில் என்னோடு பேசமாட்டேன் என்று சொல்லி ஒரு கோடை விடுமுறை முழுக்கப் பேசாமல் இருந்தவள். பாவம், அது மாமாவுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு மகள் வீட்டுக்குப் போகவேண்டும் என்றால் அக்கா பஸ்ஸில் போவாள். மாமா பஸ்ஸுக்குப் பின்னாலேயே காரில் போவார். பைகள் மட்டும் பின்சீட்டில் சொகுசாக வரும். பஸ் நிற்கும் இடத்தில் எல்லாம் இவரும் நிற்பார். ஒரு கண்டக்டர் இறங்கிவந்து, "என்ன சார், போலீஸா?" என்று கேட்டதும் உண்டு. நான் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. "யாருமே திட்டாம ஓட்டினா தூக்கம் தூக்கமா வருது மாப்ளே" என்றார்.

வண்டியை விற்றுவிடுங்கள் என்று மகள் சொன்னாள். மருமகன் வாங்க ஒரு ஆளையும் பார்த்து வைத்துவிட்டார். மாமா கோபித்துக்கொள்ளவில்லை, கோபம் அவருக்கு வராது. ஒரு சனிக்கிழமை மட்டும் அவகாசம் கேட்டார். என்னிடம்தான் வெளிப்படையாகச் சொன்னார். "ரெண்டு ஷாக்கையும் மாத்துறேன். அப்புறமும் அவ ஏறலைன்னா குடுத்துடறேன். வெறும் காத்த ஏத்திக்கிட்டுப் போறதுக்கா வண்டி?"

சரி, நல்ல மெக்கானிக்கிடம் விடலாமே என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "குலுக்கினது யாரு? நான். சரி பண்ண வேண்டியது யாரு?" என்று கேட்டார். அந்தச் சனிக்கிழமை காலையில் நான் அவர் வீட்டுக் கார் ஷெட்டில் இருந்தேன்.

ஷெட் என்பது வீட்டை ஒட்டிய தகரக் கூரை. ஒரு பக்கம் சமையலறை ஜன்னல், பின்னால் கேட், கேட்டுக்கு முன் அக்காவின் பூந்தொட்டிகள். மாமா அந்த வாரம் முழுக்க மாலையில் வந்து துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஊறவைத்திருந்தார். பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, அச்சுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டுகளை முட்டுக்கொடுத்து, வண்டியைப் பலமாக ஆட்டிப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து நீச்சல் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மகள் சிறுமியாக இருந்தபோது போட்டது, இளஞ்சிவப்பு. துரு கண்ணில் விழாது என்றார். அந்தக் கோலத்தில் மல்லாந்து வண்டிக்கடியில் நழுவிப் போன மனிதரைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க நான் மிகவும் பாடுபட்டேன்.

என் வேலை டிக்கிக்குள். விரிப்பை விலக்கினால் ஷாக் அப்சார்பரின் தலை எட்டிப் பார்க்கும், அதில் ஒரு நட்டு. நட்டைத் திருப்பினால் உள்ளிருக்கும் தண்டும் சேர்ந்து சுற்றும், அதனால் தண்டின் நுனியை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு திருப்ப வேண்டும். எழுத்து வேலை பார்க்கிற நான், ஸ்டெப்னியோடு ஸ்டெப்னியாகச் சுருண்டு கிடந்து திருப்பினேன்.

"சுத்துதா மாப்ளே?"

"எனக்குத் தலைதான் சுத்துது."

"தலை நட்டுதான் சுத்தணும். சரியாத்தான் போகுது."

கீழ்ப் போல்ட்டு மசியவில்லை. ஸ்பேனரில் குழாயைச் செருகி நீட்டிப் பார்த்தார், அசையவில்லை. நானாக இருந்தால் சுத்தியலைத் தேடியிருப்பேன். மாமா வெளியே வந்தார், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார், சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். "அதுக்கும் கொஞ்சம் யோசிக்க டைம் குடுப்போம்" என்றார். லிஃப்ட் நடுவழியில் நின்று உள்ளே ஆள் மாட்டிக்கொண்டாலும் இப்படித்தான், முதலில் ஒரு டம்ளர் தண்ணீராம். இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி போனார். 'டொக்' என்று ஒரு சத்தம், பிறகு "வந்துட்டாண்டா" என்று ஒரு குரல்.

கழற்றிய பழைய ஷாக்கை என் கையில் கொடுத்து அமுக்கச் சொன்னார். எண்ணெய் கசிந்து பிசுபிசுத்தது. அமுக்கினேன், அமுங்கியது, அப்படியே கிடந்தது. "பாத்தியா? அமுக்கினா அமுங்கிக் கிடக்குது. நல்ல ஷாக்னா எதிர்த்துப் பேசணும்."

"அப்படிப் பாத்தா இந்த வீட்டுல அக்காதான் நல்ல கண்டிஷன்."

"கேக்குது" என்றது சமையலறை ஜன்னல்.

அக்கா அங்கே பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். ஷெட்டுக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை என்பது மாதிரி. ஆனால் அவ்வளவு பட்டாணியை யார் சாப்பிடப் போகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. மாமா ஒவ்வொரு தடவை ஸ்பேனரைக் கீழே போடும்போதும் ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது.

ஒரு பக்கம் முடித்த பிறகுதான் மறுபக்கம் தொட்டார். புது ஷாக்குகள் இரண்டும் ஏறின. கீழ்ப் போல்ட்டுகளைக் கையால் மட்டும் முடுக்கிவிட்டு நிறுத்திக்கொண்டார். சக்கரங்களுக்கு அடியில் தடித்த பலகைகளை வைத்து வண்டியை அவற்றின் மேல் இறக்கினார். "இப்ப முடுக்கிட வேண்டியதுதானே?" என்றேன், மதியச் சாப்பாட்டு நினைப்பில்.

"அவசரப்படாதே. போல்ட்டைச் சுத்தி ரப்பர் இருக்கு. பாரம் இல்லாதப்ப முடுக்கினா, பாரம் ஏறும்போது ரப்பர் முறுக்கிக்கும். கொஞ்ச நாள்ல கிழிஞ்சிடும். வழக்கமா என்ன பாரமோ அதை ஏத்தி வச்சு முடுக்கணும். நீ பின்னாடி உக்காரு."

உட்கார்ந்தேன்.

"உக்காந்துட்டியா?"

"உக்காந்து எவ்வளவு நேரமாச்சு."

"அப்ப இறங்கிடு. நீ ஏறினது வண்டிக்கே தெரியல."

என் உடம்பு வாகு அப்படி, என்ன செய்வது. "ரெண்டு தண்ணி கேன் எடுத்து வைக்கட்டுமா?" என்று கேட்டேன். ஷெட்டிலேயே மூலையில் நிறைந்த கேன்கள் நின்றன. மாமா வண்டிக்கடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி, இளஞ்சிவப்புக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ரப்பர் விஷயம் சத்தியமாக உண்மை. ஆனால் ரப்பருக்குத் தண்ணீர் கேன் போதும், இந்த மனிதருக்குப் போதாது. ஜன்னல் பக்கம் திரும்பி, "அக்கா, கொஞ்சம் வா" என்று நானே கூப்பிட்டேன்.

இடுப்பில் பட்டாணிப் பாத்திரத்தை இடுக்கிக்கொண்டே வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். "நான்தான் ஏறமாட்டேன்னு சொன்னேன்ல?"

"ஏறச் சொல்லல" என்றார் மாமா கீழிருந்து. "உக்காரத்தான் சொல்றேன். வண்டி எங்கயும் போகப்போறதில்ல. நானே அடியில கிடக்கேன்."

"உக்கார்றதுக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

"இத்தனை வருஷமா அந்த இடத்துல வேற யாரு உக்காந்தா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். கதவைத் திறந்து சீட்டின் விளிம்பில் உட்கார்ந்தாள், ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி. அதாவது, ஏறவில்லையாம். வாதம் செய்தால் நீதிமன்றத்திலும் ஜெயிப்பாள்.

"பாரம் பூரா வரலையே" என்றது வண்டிக்கடி.

"அதெப்படித் தெரியும் உங்களுக்கு?"

"ஒரு கால் வெளிய இருக்கு."

"பாத்துட்டுச் சொல்றீங்க."

"பாக்கல. தெரியுது."

அக்கா முனகிக்கொண்டே காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். வண்டியின் பின்பக்கம் மெல்லத் தணிந்தது. கீழே ஸ்பேனர் ஒவ்வொரு பல்லாகக் கடித்து முடுக்குகிற சத்தம் கேட்டது. அது நின்றதும் மாமா மறுபக்கம் நகர்ந்தார். அக்கா யாரும் பார்க்காத மாதிரி லேசாக எழும்பி, தொப்பென்று உட்கார்ந்தாள். வண்டி ஒரு தடவை தாழ்ந்து எழுந்து அடங்கியது. இன்னொரு முறை உட்கார்ந்து பார்த்தாள். இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, கோபம் மட்டும் இல்லை.

மாமா வெளியே வந்து எழுந்து நின்றார். முழங்கை வரை கறுப்பு, கண்ணைச் சுற்றி மட்டும் வெளுப்பு. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அக்காவைப் பார்க்காமல் பின்சக்கரத்தைப் பார்த்துச் சொன்னார். "முடிஞ்சுது. நீ இறங்கிக்கலாம்."

இறங்கினால் வண்டி போய்விடும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மருமகன் பார்த்து வைத்த ஆளுக்கு ஒரு போன் செய்தால் போதும்.

அக்கா பட்டாணிப் பாத்திரத்தை என்னிடம் நீட்டினாள். "இதை உள்ள வச்சு மூடிட்டு, வீட்டைப் பூட்டு. பொண்ணு வீட்டுல பாப்பா பகல் தூக்கம் முடிஞ்சு எந்திரிக்கிறதுக்குள்ள போயிடலாம்." செருப்பைக் கழற்றி முன்சீட்டுக்கு அடியில் தள்ளினாள். கால்களை மடக்கிச் சீட்டின் மேல் ஏற்றிக்கொண்டு, கையை நீட்டிக் கதவை இழுத்துச் சாத்தினாள். கதவுக் கண்ணாடி பாதி இறங்கியது.

"பலகையில இருந்து மெதுவா இறக்குங்க. பின்னாடி பூந்தொட்டி இருக்கு, கண்ணு தெரியுதா இல்லையா?"

மாமா கை துடைக்கத் துணி தேடவில்லை. கறுப்பான இரண்டு கைகளையும் போட்டிருந்த சட்டையின் மார்பிலேயே அழுத்தித் துடைத்துக்கொண்டு, முன்கதவைத் திறந்தார்.