பாய்லர் வரைக்கும் வந்த உற்சவர்

இந்த ஊரில் காலையில் வேலைக்குப் போகிறவனின் மடியைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். வெளியே வரும்போது தடவினாலாவது, எதையும் சுருட்டிக்கொண்டு போகிறானா என்று பார்க்கிறார்கள் என நினைத்துக்கொள்ளலாம். உள்ளே போகிறவன் மடியில் என்ன இருக்கப்போகிறது? தீப்பெட்டி. அதைத்தான் தேடுகிறார்கள். பர்மாவின் நடுவே, ஐராவதி நதிக் கரையில் இருக்கும் யேனாஞ்சவுங் என்ற இந்த இடத்தில் பூமிக்குள்ளிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள். எண்ணெயோடு கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயுவும் வருகிறது. ஒரு பொறி பட்டால் போதும், கிணறும் போகும், ஆளும் போவான். வெற்றிலைக்குப் பிறகு ஒரு சுருட்டு இல்லாவிட்டால் சோறு செரிக்காது என்று வளர்ந்த நெல்லைச் சீமைக்காரன் நான். முதல் வாரம் எனக்குப் பைத்தியம் பிடிக்காதது ஆச்சரியம். இப்போது பழகிவிட்டது. நிம்மதியாகவே இருக்கிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவன் அழுதுகொண்டேதான் எழுத வேண்டும் என்று சட்டம் ஒன்றுமில்லையே.

எனக்கு வேலை பாய்லரில். கிணற்றின் மேல் நாலு கால் மரச் சாரம் ஒன்று பனை மரத்தைவிட உயரமாக நிற்கும். அதை இங்கே டெரிக் என்கிறார்கள். அதன் உச்சியிலிருந்து தொங்கும் வடத்தில், கூர் தீட்டிய கனத்த இரும்பு ஒன்றைக் கட்டித் தூக்கித் தூக்கிப் போட்டுப் பூமியைக் குத்துவார்கள். அந்த இரும்புக்கு பிட் என்று பெயர். தூக்கிப் போடுகிற எந்திரம் ஓட நீராவி வேண்டும். நீராவிக்குப் பாய்லர் வேண்டும். பாய்லருக்கு நெருப்பு வேண்டும். ஆகவே பாய்லரை மட்டும் கிணற்றுக்கு வெகுதூரம் தள்ளி வைத்து, நீளக் குழாயில் ஆவியைக் கொண்டுபோகிறார்கள். பாய்லரைச் சுற்றிச் செங்கல் வரிசை ஒன்று பதித்திருக்கும். நெருப்பு அந்தச் செங்கல்லுக்கு உள்ளேதான் இருக்கலாம். ஒரு கங்குகூட அதைத் தாண்டக் கூடாது. அதற்குக் காவல் பாய்லர்க்காரன்.

அம்பாசமுத்திரத்துப் பக்கம் ஆற்றுப் பாசனத்தில் எங்களுக்கும் வயல் இருந்தது. அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்ததில் என் பங்குக்கு வந்ததை நின்ற இடத்திலிருந்தே பார்த்து முடித்துவிடலாம். தூத்துக்குடியில் ஒரு பஞ்சு ஆலையில் பாய்லருக்குக் கரி தள்ளப் போனேன். எங்கள் வீட்டில் அதைப் பெரிய அவமானமாக நினைத்தார்கள். எனக்கோ அந்த எந்திரம் மூச்சு விடுகிற சத்தம் பிடித்துப்போயிற்று. ரங்கூனுக்குக் கைலி ஏற்றி அனுப்புகிற மேலப்பாளையத்து வியாபாரி மீரான் அண்ணாச்சி அந்த ஆலைப் பக்கம் வந்து போவார். அவர்தான் ஒருநாள் சொன்னார்: "ஏலே சங்கரலிங்கம், ரங்கூனுக்கு மேல ஆத்தோட போனா பூமிக்குள்ள இருந்து எண்ணெய் எடுக்கான். பாய்லர் தெரிஞ்சவன் கிடைக்காமத் தேடுதான். இங்கன கிடந்து எதுக்கு வேகுத?"

என் மாமனார் இதை நம்பவே இல்லை. "சீமெண்ணெய் டின்னுலல்லா வருது. அதுக்குக் கிணறுங்கீரே மாப்ளே, எவனோ உமக்கு நல்லாக் காது குத்தியிருக்கான்" என்றார். அப்போது என் மனைவி கோமதி பிள்ளைத்தாய்ச்சி. நான் புறப்பட்டே தீருவேன் என்று தெரிந்ததும் மாமனார் நிபந்தனை போட்டார். "நீரு போவும். வேண்டாங்கல. ஆனா கூலி லயன்ல பத்துப் பேரோட என் மகள் கிடக்க மாட்டா. கதவு, அடுப்படியோட வீடுன்னு ஒண்ணு உமக்குக் கிடைச்சாச் சொல்லும், நானே கொண்டாந்து விடுதேன். இல்லைன்னா அவ இங்கனதான்." கதவுக்குப் பின்னால் நின்று கோமதி மூக்கைச் சிந்தியது கேட்டது.

ரங்கூனில் இறங்கி, நம்மூர்க்காரர்களின் சத்திரத்தில் தங்கி, ஆற்றுக் கப்பலில் ஏறினேன். நம் தாமிரபரணி மலையில் பிறந்து கடலில் சேர்வதை, மனம் வைத்தால் வண்டி கட்டிப் போய்ப் பார்த்து வந்துவிடலாம். இந்த ஐராவதியோ போகப் போக முடியவே இல்லை. வேலைக்கு ஆள் எடுக்கிற வாசலில் தெலுங்கர், பஞ்சாபி, பர்மியர் என்று ஒரே கூட்டம். கிணறு தோண்டுகிற டிரில்லர் ஓர் அமெரிக்கத் துரை. சுருட்டு பிடிக்க வழியில்லாததால் புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டு துப்பிக்கொண்டே இருந்தார். பார்த்தவுடன் நம்ம ஆள் என்று தோன்றிவிட்டது. அவர் என்னைப் பாய்லருக்கு முன்னால் நிறுத்தி, நடத்திக் காட்டு என்றார். வழக்கம்போல் பாய்லரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கை சுட்டுவிட்டது என்று நினைத்து மனிதர் ஓடி வந்து என் உள்ளங்கையைப் புரட்டிப் பார்த்தார். கொப்புளம் ஒன்றும் இல்லாததைக் கண்டு குழம்பினார். எனக்கிருந்த ஆலை இங்கிலீஷில் "சார், குட்மார்னிங் டு பாய்லர்" என்றேன். அவர் இன்னும் குழம்பினார். ஆனால் நான் நீர்மட்டம் பார்த்த விதமும் கரி தள்ளிய விதமும் பிடித்திருக்க வேண்டும். தற்காலிகமாக எடுத்துக்கொண்டார். இந்தக் கிணறு முடியும்வரை ஒழுங்காக இருந்தால் வேலை நிரந்தரம், வீடும் உண்டு என்று எழுத்தர் சொன்னார்.

வீடு என்ற சொல்லைக் கேட்டதும் மற்றது எதுவும் என் காதில் ஏறவில்லை. நான் இருந்தது லயனில். என் பெண் பிறந்த செய்தியும், தவழ்கிற செய்தியும், நடக்கிற செய்தியும் அங்கேதான் வந்தன. வீட்டு வரிசைப் பக்கம் போனால் ஒவ்வொரு கதவையும் நின்று பார்ப்பேன். யார் வீட்டுக் கதவை எவன் பார்க்கிறான் என்று பர்மியப் பெண்கள் முறைப்பார்கள். அதற்கெல்லாம் பார்த்தால் ஆகுமா?

கிணறு முக்கால்வாசி இறங்கியிருந்தபோது ஆயுத பூசை வந்தது. டெரிக்கில் வேலை செய்த எங்கள் கூட்டத்துக்கு மேஸ்திரி தென்காசிக்காரர் இசக்கி அண்ணாச்சி. லயனில் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். விடிந்ததும் எல்லாரும் தலை முழுகி, கடைத்தெருவில் தேங்காய், பழம், பொரிகடலை எல்லாம் வாங்கி வந்துவிட்டார்கள். எந்திரத்துக்குச் சந்தனம் இட்டார்கள், குங்குமம் வைத்தார்கள், சாரத்தின் நாலு காலுக்கும் மாலை போட்டார்கள். துரை தூர நின்று பார்த்துவிட்டுச் சாமான் வைக்கும் கிட்டங்கிப் பக்கம் போய்விட்டார். நான் பாய்லரை விட்டு நகரவில்லை. இசக்கி அண்ணாச்சி தட்டோடு வந்தார். பூசையில் ஒரு கங்கு கேட்டால் எந்தப் பாய்லர்க்காரன் இல்லை என்பான்? அடுப்புக் கதவைத் திறந்தேன். அவர் ஒரு குச்சியைக் கொளுத்திச் சூடத்தை ஏற்றினார். பாய்லருக்குக் காட்டினார். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிறகு, எரிகிற சூடத்தைக் கையால் மறைத்தபடி அவர் டெரிக்கைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். சந்தனம் பூசி, மாலை போட்டு, தேங்காய் உடைத்த ஆயுதத்துக்குச் சூடம் காட்டாமல் விடுவது எந்த ஊர் வழக்கம்? தீப்பெட்டியைத்தானே உள்ளே கொண்டுவரக் கூடாது என்றார்கள், சூடத்தை யாரும் சொல்லவில்லையே என்று அவர் நினைத்திருப்பார். கிணற்றுப் பக்கமிருந்து காற்று வாயு வாசத்தோடு வந்துகொண்டிருந்தது. "அண்ணாச்சி, நில்லும்" என்று கத்தினேன். அவர் கால் செங்கல்லைத் தாண்டியது. கரிக் குவியல் மேல் கிடந்த ஈரச் சாக்கை எடுத்து ஒரே எட்டில் போய்த் தட்டின் மேல் போட்டு அமுக்கினேன். சூடம் அணைந்தது. குங்குமமும் பூவும் தரையில் கிடந்தன.

இசக்கி அண்ணாச்சியின் முகம் வெளுத்துப்போயிற்று. "பூசைத் தட்டுல சாக்கைப் போட்டுட்டியேலே. நீ விளங்குவியா?" என்றார். மற்றவர்கள் டெரிக்கிலிருந்து இறங்கி வந்துவிட்டார்கள். பாதியில் அணைந்த தீபத்தோடு இன்றைக்கு ஆயுதத்தைத் தொட மாட்டோம், தொட்டால் எவன் தலையிலாவது விழும் என்றார்கள். துரை திரும்பி வருவார். கிணறு சும்மா நிற்பதைப் பார்ப்பார். யாரால் என்று கேட்டால் எல்லா விரலும் என்னைத்தான் காட்டும். வீடும் போச்சு, கோமதியும் வரப்போவதில்லை. பெற்ற பெண்ணை இனி எந்த வயதில் பார்ப்பேனோ என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பயத்தில்தான் சில சமயம் புத்தி வேலை செய்கிறது. மழுங்கின பிட்டைக் கழற்றிச் சாரத்தடியில் போட்டிருந்தார்கள். கூர் தீட்ட அன்றைக்கு அது எப்படியும் கொல்லுலைக்குப் போக வேண்டும். உலை பாய்லரை ஒட்டிச் செங்கல்லுக்கு உள்ளேதான் இருக்கிறது. "அண்ணாச்சி, நெல்லையப்பர் கோயில்ல மூலவரா எந்திரிச்சு வீதிக்கு வாராரு? உற்சவரைத்தான தூக்கிட்டு வாரோம். கிணறு மூலவர். அவரு அங்கனயே இருக்கட்டும். பிட்டைத் தூக்கிட்டு வாங்க, அதுதான் உற்சவர். தீபத்தை இங்கன வச்சுக் காட்டுவோம்" என்றேன்.

இசக்கி அண்ணாச்சி சாரத்தடியில் கிடந்த பிட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பேச்சுல மட்டும் நீ பெரிய குருக்கள்தாம்லே" என்றார். கோபம் தீரவில்லை; ஆனாலும் மூங்கில்களைக் கொண்டுவரச் சொன்னார். அந்தக் கனத்த இரும்பைக் கட்டி, மாலை சூட்டி, எங்கள் ஆட்களும் கூட வேலை செய்த பர்மியர்களும் தோள் கொடுத்தார்கள். பையப் பைய, நம்ம ஊர்ச் சப்பரம் அசைந்து வருவதுபோல் பிட் வந்தது. அந்த நேரம் பார்த்துத் துரை வந்துவிட்டார். மூங்கிலில் கட்டிய நீளமான ஒன்றை மாலை போட்டுச் சுமந்து வருவதைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துத் தலை குனிந்து நின்றார். யார் போய்விட்டார்கள் என்று என்னிடம் மெல்லக் கேட்டார். யாரும் இல்லை, பிட்தான் என்றேன். பிட் விழுந்துதான் எவனோ செத்துவிட்டான் என்று நினைத்து ஆட்களை எண்ண ஆரம்பித்துவிட்டார். தலைகள் சரியாக இருந்தன. செங்கல்லுக்கு உள்ளே புதுச் சூடம் எரிவதையும், செங்கல்லின் மேல் நான் காலை அகட்டி மறித்து நிற்பதையும் பார்த்தார். தரையில் கிடந்த சாக்கையும் கொட்டிய குங்குமத்தையும் பார்த்தார். என்ன புரிந்ததோ, என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பொரிகடலையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கிணறு எண்ணெய் கொடுத்தது. எனக்கு வீடு கிடைத்தது: ஓர் அறை, ஓர் அடுப்படி, முக்கியமாக ஒரு கதவு. மாமனார் சொன்ன சொல் தவறாமல் தாயையும் பிள்ளையையும் கொண்டுவந்து விட்டார். எண்ணெய்க் கிணற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு, "இருக்கத்தான் செய்யுது" என்றார். அதற்கு மேல் தோல்வியை ஒப்புக்கொள்ளும் ஆள் அவர் இல்லை. என் மகள் உலகம்மை முதலில் என்னைக் கண்டு வீரிட்டு அழுதாள். பிறகு என்னைவிட்டு இறங்க மறுத்தாள். பக்கத்து வீட்டுப் பர்மியப் பிள்ளைகளோடு விளையாடி அவர்கள் பாஷையை அவள் பேசுகிற வேகத்துக்கு எனக்கு மூச்சு வாங்குகிறது. கோமதி சந்தையில் பேரம் பேசுவதைக் கேட்டால், இவள்தானா கதவுக்குப் பின்னால் நின்றவள் என்று தோன்றும். நாங்கள் மூவரும் நன்றாக இருக்கிறோம்.

போன கோடையில் லீவு கிடைத்து ஊருக்கு வந்தோம். மறுநாள் காலையில் மாமனார் பேத்தியைத் தாமிரபரணிக்குக் குளிக்க அழைத்துப் போனார். நானும் கோமதியும் கூடப் போனோம். தண்ணீர் கூழாங்கல் தெரிய ஓடிக்கொண்டிருந்தது. உலகம்மை படியில் குந்தி, கை நிறைய அள்ளி மூக்கருகே கொண்டுபோனாள். யேனாஞ்சவுங்கில் கரையோரத் தண்ணீரை அள்ளினால் எண்ணெய் வாடை அடிக்கும். அவள் அறிந்த ஆறு அதுதான். "தாத்தா, இதுல வாசமே இல்லியே. இது ஆறுதானா?" என்றாள்.

மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார். கோமதி சிரிக்கவில்லை, என்னைப் பார்த்தாள். இந்த ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவன் பெற்ற பிள்ளை இப்படிக் கேட்கிறதே என்று நினைத்தபடி படியில் இறங்கினேன். அவளுக்குப் பதில் சொல்வதற்காக நானும் குனிந்து ஒரு கை அள்ளி முகர்ந்தேன். நல்ல தண்ணீர், பாசி வாசம்கூட இல்லாத குளிர்ந்த தண்ணீர். எனக்கும் அதில் ஏதோ குறைவது போலிருந்தது.