தறிக்குழியில் வந்த சிவப்புத் தண்ணீர்

சபையாருக்கு ஏசுபாதத்தின் வணக்கம். எனக்கு நயமாகப் பேச வராது. கோபம்தான் நிறைய வரும். போதகர் ஐயா எழுதிக் கொடு, எழுதிக் கொடு என்று வருடக்கணக்காகக் கேட்டுவிட்டார். இப்போதுதான் மனம் வந்தது. ஆண்டவர் எனக்குச் செய்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

ஏரிக்கரை உடையப் போகிறது. எந்த இடத்தில் உடையும் என்று தெரியவில்லை. கரைக்குக் கீழே நாற்பது வீடு. அதில் ஒன்று என்னுடையது. உள்ளே என் மனைவி மரியாள் பிள்ளை பெற்று ஒன்பதாவது நாளாகப் படுத்திருக்கிறாள். அறுபதுகளின் கடைசியில் ஒரு ஐப்பசி மாதம், ஞாயிற்றுக்கிழமை காலையில் என் நிலைமை இதுதான்.

எங்கள் ஊர் காஞ்சிபுரத்திலிருந்து முசரவாக்கம் போகும் வழியில் இருக்கிறது. ஏரி சின்னதுதான். ஒரு மண்கரை, ஒரு மதகு, ஒரு கலங்கல். ஆனால் மேட்டிலிருந்து வருகிற வெள்ளம் முழுவதையும் அந்த மண்கரைதான் தாங்கவேண்டும். நான் ஊர் நீர்க்கட்டி. மதகைத் திறப்பதும் அடைப்பதும் கரையைக் காப்பதும் என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வேலை.

கலங்கல் என்பது ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற இடம். அதன்மேல் வரிசையாகக் கல் நட்டிருக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் புல்கட்டியும் வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்தால் ஏரியில் ஒரு அடி தண்ணீர் கூடுதலாக நிற்கும். இரண்டாம் போகத்துக்கு ஆகும். எங்கள் பக்கம் எல்லா ஊரிலும் இது நடக்கும். அடைப்பதும் நீர்க்கட்டிதான், பெருமழை வந்தால் பிடுங்குவதும் நீர்க்கட்டிதான். ஆனால் ஊர் சொல்லாமல் பிடுங்கக்கூடாது.

அதற்கு முன் இரண்டு வருடம் மழையே இல்லை. அந்த வறட்சியில் என் மூத்த பிள்ளை வயிற்றுப்போக்கில் செத்துப் போனான். நான் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். மரியாள் மட்டும் போவாள். "உன் ஆண்டவரை வந்து என்கிட்ட பேசச் சொல்லு" என்று கத்துவேன். அவள் வேதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

அந்த வருடம் மழை வந்ததும் ஊரே ஆசைப்பட்டது. நான் கலங்கலை இறுக்கி அடைத்தேன். என் இரண்டு கையால் அடைத்தேன். மூன்றாம் நாளும் மழை விடவில்லை. சனிக்கிழமை நாட்டாமை துரைக்கண்ணு வாசலில் போய் நின்று, "பிடுங்கிடட்டுமா?" என்று கேட்டேன். "இன்னும் ஒரு நாள் பாருடா. ரெண்டு வருஷமா காஞ்சிக்கினு கெடந்தோம், மறந்துட்டியா?" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். ஊரில் எல்லார் மேலும் கோபப்படுகிறவன், கோபப்பட வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டேன். இதை முதலில் அறிக்கை செய்யவேண்டும்.

ஞாயிறு காலை கரைமேல் போனேன். தண்ணீர் கரை உச்சிக்கு ஒரு சாண் கீழே நிற்கிறது. சுற்றிலும் வயல் முழுக்க இடுப்பளவு வெள்ளம். ஏறி நிற்க உயரமான இடம் அந்தக் கரை ஒன்றுதான். உடையப் போகிற கரையில் பச்சைப் பிள்ளைக்காரியை எப்படி ஏற்றுவேன்?

அங்கேயே நின்று கத்தினேன். "ஆண்டவரே! ரெண்டு வருஷமா உன்கூட பேசல. இப்பவும் கோவமாத்தான் பேசறேன். ஒண்ண எடுத்துக்கினே. இன்னொண்ணையும் கேக்கறியா? மழைய நிறுத்து!"

மரியாதைக்கு 'நீர்' என்றுகூடக் கூப்பிடவில்லை, 'நீ' என்றேன். அப்படி ஒரு ஜெபம் அது. மழை நிற்கவில்லை. இன்னும் பலமாக அடித்தது.

அப்போது கரைச்சரிவில் வழுக்கி வழுக்கி ஒரு ஆள் ஏறி வந்தான். பார்த்தால் தறிக்காரன் முனிரத்தினம். எனக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. பட்டுக்குச் சாயம் போட்ட தண்ணீரை அவன் பாசன வாய்க்காலில் கொட்டினான் என்று ஊர் முன்னால் அவன் சட்டையைப் பிடித்தவன் நான். அவன் கையில் ஒரு சொம்பு.

"யோவ், இத பாருய்யா" என்று நீட்டினான்.

"இன்னாது?"

"எங்க தறிக்குழியில ஊறின தண்ணி. நேத்து வரைக்கும் தெளிவா இருந்துச்சி. காலையில இருந்து காப்பி மாரி வருது. நீர்க்கட்டியாச்சே, உனக்குத் தெரியுமேன்னு வந்தேன். இல்லன்னா உன் மூஞ்சில முழிப்பனா?"

சொம்பை வாங்கிப் பார்த்தேன். தறியில் உட்கார்ந்து காலை வைத்து மிதிக்கிற குழி அது. மழைக்காலத்தில் அதில் தண்ணீர் ஊறும். தெளிவாக ஊறினால் பயமில்லை. கலங்கி வந்தால் அது கரையின் மண். கரை உள்ளுக்குள்ளேயே கரைந்து ஓடிக்கொண்டிருக்கிறது! முனிரத்தினம் வீடு தறிக்காரர் தெருவில் கரையை ஒட்டி முதல் வீடு. அதற்கு அடுத்ததுதான் எங்கள் காலனி.

"டேய், எல்லாரும் வாங்கடா!" என்று கீழே பார்த்துக் கத்தினேன். காலனி ஆட்கள் கடப்பாரையோடு ஓடி வந்தார்கள். கலங்கலுக்குப் போய்ப் பிடுங்க ஆரம்பித்தோம்.

நாட்டாமை குடை பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். "யாரைக் கேட்டுடா பிடுங்கற?"

"யாரையும் கேக்கல."

"ஊர் சொல்லாம கைய வெக்கக்கூடாது, தெரியுமில்ல?"

"தெரியும். உனக்கு ஒரு அடி தண்ணி போவும். எனக்கு நாப்பது வீடு போவும். தள்ளி நில்லுய்யா!"

அவரை அப்படி நான் பேசியதே இல்லை. முனிரத்தினம் சிரித்துவிட்டான். "நாட்டாமைக்காரரே, நானும்தான் பிடுங்கறேன். என் பேரையும் சேத்துக்கோ" என்று ஒரு புல்கட்டியை இழுத்து எறிந்தான்.

கலங்கல் திறந்தது. தண்ணீர் பாய்ந்த பாய்ச்சல்! ஆனாலும் ஏரி இறங்க நேரம் ஆகும். அதற்குள் ஓட்டை பெரிதாகிவிடும். ஏரிப் பக்கம் ஓட்டையின் வாய் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் அடைக்கமுடியும். கரையோரம் தவிடு தூவிப் பார்த்தேன், ஓட்டை இழுக்கிற இடத்தில் சுழல்கிறதா என்று. மழை அடித்த அடியில் தவிடு நாலா பக்கமும் போய்விட்டது.

எனக்கு ஆத்திரம் முட்டியது. "நீ தண்ணிய காட்டினா போதுமா? வழிய காட்டு!" என்று முனிரத்தினத்தின் மேலேயே பாய்ந்தேன்.

அவனும் விடவில்லை. "எம்மேல ஏன்யா கத்தற? அன்னிக்கு என் சாயம் எங்க ஊத்தினாலும் கடைமடை வரைக்கும் செவப்பா வருதுன்னு சட்டையப் புடிச்சியே! இப்ப ஊத்தட்டா, இங்க ஊத்தட்டா?"

சொன்னவன் நின்றுவிட்டான். நானும் அவனைப் பார்த்தேன். அடுத்த நொடி அவன் வீட்டைப் பார்த்து ஓடினான்.

முகூர்த்தப் புடவைக்காக வைத்திருந்த அரக்குச் சாயம். முழுவதையும் வெந்நீரில் கரைத்து இரண்டு தவலையில் தூக்கி வந்தான். அவன் மனைவி சரோஜா தறிக்குழிப் பக்கத்தில் விளக்கோடு உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்து கரை வரைக்கும் கூப்பிடு தூரத்துக்கு ஒருவராக ஆட்கள் நின்றார்கள். எந்த இடத்தில் ஊற்றினால் குழியில் சிவப்பு வருகிறதோ அங்கேதான் ஓட்டையின் வாய்.

மதகு ஓரம் ஊற்றினோம். ஒன்றுமில்லை. பத்து அடி தள்ளி ஊற்றினோம். ஒன்றுமில்லை. மூன்றாவது இடம், ஒன்றுமில்லை. ஒரு தவலை தீர்ந்துவிட்டது. நான்காவது, பனைமரம் வெட்டிய பழைய அடிக்கட்டை பக்கம். ஊற்றிவிட்டு நின்றோம்.

கீழேயிருந்து சரோஜாவின் குரல். "செவப்பு! செவப்பு வந்துச்சி!"

"செவப்பு வந்துச்சி!" என்று ஒருவர் சொல்லி ஒருவர் சொல்லிக் கரைக்கு வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் அழ நேரம் இல்லை. வைக்கோலைப் பிரியாக முறுக்கிக் களிமண் அப்பி, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினேன். மக்கிப்போன பனைவேர் விட்ட துளை. என் காலை உள்ளே இழுக்கிறது. முனிரத்தினம் கயிற்றைப் பிடித்திருந்தான். முக்கி முக்கி அடைத்தேன். மேலே காலனிக்காரர், தறிக்காரர், கடைசியில் ஊரில் நிலம் வைத்திருந்தவர்கள், எல்லாரும் ஒரே வரிசையில் நின்று மண்கூடையைக் கைமாற்றினார்கள். அந்த நிலக்காரர்கள் அதுவரை காலனிக்காரர் கையிலிருந்து ஒரு சொம்புகூட நேராக வாங்காதவர்கள். நாட்டாமையின் குடை எங்கோ மிதந்துகொண்டிருந்தது. அவர் கையிலும் கூடை.

மதியத்துக்குமேல் சரோஜா கத்தினாள். "தெளிஞ்சிடுச்சிபா! தண்ணி தெளிஞ்சிடுச்சி!"

வீட்டுக்கு ஓடினேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். மரியாள் என் கையைப் பார்த்துப் பயந்துவிட்டாள், ரத்தம் என்று. முழங்கை வரை அரக்குச் சாயம்.

மழை மறுநாள் சாயங்காலம்தான் நின்றது. இதைக் கவனியுங்கள். நான் மழையை நிறுத்தக் கேட்டேன். ஆண்டவர் நிறுத்தவில்லை. எனக்கு ஆகாத மனிதனை, எனக்கு ஆகாத சாயத்தோடு கரைமேல் ஏற்றிவிட்டார். மூத்தவனை ஏன் எடுத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் பேசாமல் இருப்பதை விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு இரண்டு வருடத்துக்குப் பிறகு கோயிலுக்குப் போனேன். எவ்வளவு தேய்த்தும் சாயம் போகவில்லை. அந்தச் சிவந்த கையை நீட்டித்தான் திருவிருந்து அப்பத்தை வாங்கினேன்.

இப்போது எங்கள் ஊரில் மூன்றாம் நாள் மழை பிடித்தால் கலங்கலைப் பிடுங்க நான் யாரையும் கேட்பதில்லை. ஊரே கூடி அப்படித் தீர்மானித்தது. கரையில் அடிக்கட்டை ஒன்றுகூட விடாமல் தோண்டிக் களிமண் இடித்தோம். ஐப்பசி பிறந்தால் முனிரத்தினம் தினமும் காலையில் தறிக்குழியைப் பார்த்துவிட்டுச் சொல்லி அனுப்புவான். என் மகளுக்குப் பத்து வயது ஆகிறது. அவள்தான் போய்க் கேட்டு வருகிறாள்.

சகோதரரே, சகோதரிகளே, உங்கள் தலைக்குமேல் தண்ணீர் நிற்கிறதா? ஆண்டவரிடம் கேளுங்கள். நல்ல வார்த்தை வராவிட்டால் கோபத்தோடாவது கேளுங்கள், அவர் தாங்குவார். கேட்டபிறகு கரைமேல் ஏறி வருவது யார் என்று பாருங்கள். உங்களுக்குப் பிடிக்காதவனாக இருக்கலாம். அவன் கையில் இருக்கும் சொம்பை வாங்கிப் பாருங்கள்.